ஃபோம் வாளுக்கு எந்தப் பசை? எவ்ளோ கெட்டியா ஒட்டுதுன்னு பாக்காதீங்க, வளையுதான்னு பாருங்க

போன கோடையில என் பையன் முதன்முதலா செஞ்ச ஃபோம் வாளை, மைதானத்துல ஆயுதம் செக் பண்றவர் கையில வாங்கி ரெண்டு இடத்துல அமுக்கிப் பாத்தார், அப்புறம் தன் முதுகுல ஒரு அடி போடச் சொன்னார், ஒரே அடிதான், "உள்ள கட்டியா ஏதோ இருக்கு தம்பி"ன்னு சொல்லி ஓரமா வச்சுட்டார். வீட்டுக்கு வந்து துணி உறையைக் கழட்டி பிளேடை நீளவாக்குல அறுத்துப் பாத்தோம். ஃபோம் நல்லாத்தான் இருக்கு, நடுவுல இருக்க கம்பும் நல்லாத்தான் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல பசைக்குச்சியை உருக்கி நாங்க தாராளமா விட்ட ஹாட் க்ளூதான் விரல் தடிமனுக்கு உறைஞ்சு, மெழுகுவத்தி ஒன்னை உள்ள வச்சுத் தச்ச மாதிரி இருந்துச்சு. அந்த வாள் யாரோட மணிக்கட்டுலயாவது முழு வேகத்துல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சப்ப மனசுக்கு நெஜமாவே கஷ்டமா போச்சு. அதுக்கப்புறம் இந்தப் பசை விஷயத்தை உக்காந்து படிச்சு, செஞ்சு பாத்துத் தெரிஞ்சுகிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. அமெரிக்காவுல ஃபோம் ஆயுதத்தை வச்சு நெஜமாவே மோதிக்கிற ஆட்டம் ஒன்னு இருக்கு, நடிப்புச் சண்டை இல்ல, அடி பட்டா பட்டதுதான். டாகொர்ஹிர்ங்கற குழு 1977ல பிரையன் வைஸ்ங்கறவர் மேரிலாண்ட், வாஷிங்டன் பக்கத்துல ஆரம்பிச்சது, 1983ல டெக்சஸ்ல எல் பாசோவுல ஆம்ட்கார்ட், அப்புறம் 2001 வாக்குல டாகொர்ஹிர்ல இருந்து பிரிஞ்சு பெலகார்த்னு இன்னொன்னு. கோடையில பென்சில்வேனியாவுல ராக்னராக்னு ஒரு வாரத் திருவிழாவே நடக்கும், ஆயிரக்கணக்குல ஆளுங்க வருவாங்க. இதுல பெரும்பாலான ஆயுதத்தை ஆட்டக்காரங்களே வீட்டுல செஞ்சுக்குறாங்க: நடுவுல ஃபைபர்கிளாஸ் கம்பி, சுத்தி லேயர் லேயரா ஒட்டின ஃபோம், மேல துணி உறை, அவ்ளோதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி ஆயுதத்தை அடிச்சுப் பாத்து, வளைச்சுப் பாத்துத்தான் உள்ள விடுவாங்க. மேல இருந்து பாத்தா துணிதான் தெரியும், உள்ள என்ன பசை இருக்குன்னு செஞ்சவனுக்குத்தான் தெரியும், அதனாலதான் இந்தப் பொறுப்பு முழுக்க செய்றவன் தலையில வந்து விழுது.

கடையில பசை டப்பாவைப் பாத்தா எல்லாத்துலயும் இத்தனை கிலோ தாங்கும்னு பெருமையா போட்டிருப்பான். அந்த எண்ணு நமக்கு ஒன்னுத்துக்கும் உதவாது. ஏன்னா ஃபோம் வாள்ல ஒட்டு நிக்கிற எடத்துல நேரா இழுக்குற வேலை ரொம்பக் கம்மி. அடி விழற ஒவ்வொரு தடவையும் ஃபோம் நசுங்கி, பக்கவாட்டுல பிதுங்கி, திரும்ப உப்பி எழும்புது, கம்பு வளைஞ்சு நிமிருது, இதெல்லாம் ஒரு நொடியில சின்னப் பங்குக்குள்ள நடக்குது, ஒரு மதியத்துக்குள்ள நூத்துக்கணக்குல அடி விழுது. ஒட்டின ரெண்டு பக்கமும் ஒன்னை ஒன்னு உரசி நகரப் பாக்கும், ஓரத்துல இருந்து உரிஞ்சு வரப் பாக்கும். உரியறதுதான் எந்தப் பசைக்கும் எமன். இழுத்தா ஒட்டுன பரப்பு முழுக்கச் சேந்து தாங்கும், உரிச்சா ஓரத்துல இருக்க ஒரு கோடு மட்டும்தான் அந்தப் பாரத்தை வாங்கும், அந்தக் கோடு விட்டா அடுத்த கோடு, அப்புறம் சர்ருன்னு மொத்தமும் வந்துரும். கண்ணாடி மாதிரி உறையுற பசை அந்தக் கோட்டுல விரிசல் விடும். ரப்பர் மாதிரி இருக்க பசை இழுபட்டு, பக்கத்துல இருக்க பரப்புக்கும் பாரத்தைப் பங்கு போட்டுக் குடுக்கும். அதனால நான் ஒரு பசையைப் பத்திக் கேக்குற முதல் கேள்வி, காய்ஞ்சதுக்கு அப்புறம் இது ஃபோம் கூடவே நசுங்குமா, கூடவே வளையுமா, அதுதான். நசுங்குற பசை வாளையும் காப்பாத்தும், எதிர்ல நிக்கிறவனையும் காப்பாத்தும். நசுங்காத பசை சில சமயம் ரொம்ப நாள் உரியாமலே இருக்கும், அது இன்னும் ஆபத்து, ஏன்னா உள்ள ஒரு கட்டையை ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிரும்.

அடுத்தது ஃபோம். எல்லா ஃபோமும் ஒன்னு இல்ல, பாக்க ஒரே மாதிரி இருந்தாலும். அடி வாங்குற பிளேடுக்கு மூடின அறை உள்ள ஃபோம் தான் போடுவாங்க, அதாவது உள்ள இருக்க குட்டிக் குட்டிக் காத்துப் பைகள் ஒன்னோட ஒன்னு சேராம தனித்தனியா மூடியிருக்கும், தண்ணியில போட்டா உறிஞ்சாது. இதுல குறுக்கிணைப்பு செஞ்ச, அதாவது மூலக்கூறுச் சங்கிலிங்களை ஒன்னோட ஒன்னு குறுக்கே கோத்த பாலிஎத்திலீன் ஒரு வகை, அமெரிக்க ஆளுங்க மினிசெல் எல் 200னு பேர் சொல்லியே கேட்டு வாங்குவாங்க, பிரிட்டன்ல பிளாஸ்டஸோட். கேம்பிங்குக்கு விரிக்கிற பாய், நீச்சல் குளத்துல மிதக்க விடுற நூடுல், இதெல்லாம் கூட பாலிஎத்திலீன் குடும்பம்தான். இன்னொரு வகை ஈவிஏ, அதாவது எத்திலீன் வினைல் அசிடேட், குழந்தைங்க ரூம்ல கட்டம் கட்டமா கோத்துத் தரையில போடுற மேட், செருப்போட அடிப்பாகம். பாலிஎத்திலீன்ல பிரச்சனை என்னன்னா அது மெழுகுக்குச் சொந்தக்காரன், எதுவும் அது மேல பரவாது. பசை பிடிக்கணும்னா மொதல்ல மேற்பரப்புல நனைஞ்சு பரவணும், பாலிஎத்திலீனோட மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு சுமார் 31 மில்லிநியூட்டன், தண்ணியோட மேற்பரப்பு இழுவிசை 72, அதனாலதான் தண்ணி அது மேல முத்து முத்தா நிக்குது. ஈவிஏல வினைல் அசிடேட் கலந்திருக்கறதால பசைக்குப் பிடிமானம் கொஞ்சம் அதிகம், அதுல வேலை செஞ்சு பழகினவங்க அதே பசையை பாலிஎத்திலீன்ல போட்டுட்டு ஏமாந்து போறது இதனாலதான். ஃபோம் ஷீட்டோட மேல பளபளன்னு ஒரு தோல் இருந்தா அதை உப்புத்தாள் போட்டு எடுத்துருங்க, உள்ள அறுபட்ட அறைகள் திறந்து குட்டிக் குட்டிக் கிண்ணம் மாதிரி நிக்கும், பசை அதுக்குள்ள இறங்கிப் பிடிக்கும், பாலிஎத்திலீன்ல அந்தக் கிண்ணம் பிடிமானத்துக்கு ரொம்ப உதவும். தேய்ச்ச தூளைத் துடைக்காம பசை பூசினா பசை தூளைத்தான் பிடிச்சிருக்கும், ஃபோமை இல்ல.

இப்ப முக்கியமான ஆளுக்கு வரேன், கான்டாக்ட் சிமென்ட், பேருதான் சிமென்ட், ரெண்டு பக்கமும் பூசிக் காய விட்டு ஒட்டுற ரப்பர் பசை இது. இந்த ஆட்டத்துல பல வருஷமா எல்லாரும் சுத்திச் சுத்தி வந்து நிக்கிறது இதுலதான், டாப் வெல்ட்வுட், பார்ஜ் ரெண்டும் அடிக்கடி காதுல விழற பேரு. பார்ஜ் செருப்புத் தைக்கிறவங்களோட பசை, நடக்கிறப்ப ஒவ்வொரு அடிக்கும் வளையுற அடிப்பாகத்தைப் பிடிச்சு வைக்கறதுக்குன்னே செஞ்சது, நம்ம தேவையும் கிட்டத்தட்ட அதேதான். ஊர்ல இருக்கவங்களுக்குச் சொல்லணும்னா ஃபெவிகால்ல வெள்ளையா இருக்க மரப்பசை இல்ல, ஆசாரிங்க மைக்கா ஷீட் ஒட்ட எடுக்குற எஸ்.ஆர் 998 இருக்குல்ல, மஞ்சளா தேன் மாதிரி, வாடை அடிக்குமே, அந்த வகையறா.

இந்த வகையில பெரும்பாலானதுக்குள்ள இருக்கிறது பாலிகுளோரோபிரீன்ங்கற செயற்கை ரப்பர், நியோபிரீன்னு சொன்னா தெரியும். 1930ல டூபாண்ட் கம்பெனியில கரோதர்ஸோட குழுவுல இருந்த ஆர்னால்ட் காலின்ஸ் கையில கிடைச்சது, அதே கரோதர்ஸ் தான் பின்னாடி நைலானும் கொண்டு வந்தவர். இந்த ரப்பரைக் கரைப்பான்ல கரைச்சு, பிசின் கொஞ்சம் சேத்து டப்பாவுல அடைச்சா கான்டாக்ட் சிமென்ட். சைக்கிள் பஞ்சர் ஒட்டுறதைப் பாத்திருந்தா இது வேலை செய்ற விதம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பஞ்சர் கடை அண்ணன் ட்யூப்பை அரத்தால தேய்ப்பார், ட்யூப்லயும் பேட்ச்லயும் சொல்யூஷன் பூசுவார், உடனே ஒட்ட மாட்டார், காய விடுவார், காஞ்சதுக்கு அப்புறம் வச்சு அழுத்தி சுத்தியலால தட்டுவார். அங்க இருக்கிறது வேற ரப்பரா இருக்கலாம், முறை அச்சு அசல் இதேதான். கரைப்பான் பறந்து போனதும் ரெண்டு பக்கமும் மெல்லிசா ரப்பர் படலம் நிக்கும், அந்த ரெண்டு படலமும் தொட்ட உடனே ஒன்னோட மூலக்கூறுச் சங்கிலி இன்னொன்னுக்குள்ள புகுந்து பின்னிக்கும், அப்புறம் நேரம் போகப் போக அந்தச் சங்கிலிங்க ஒழுங்கா அடுக்கி நின்னு குட்டிப் படிகமா இறுகும். தொட்ட நிமிஷத்துல பிடிக்கும், ஆனா முழு பலம் வர ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும், அது வரைக்கும் வாளை எடுத்து ஓங்காதீங்க.

பொறுமை இல்லாதவங்களுக்கு இந்தப் பசை ஒத்து வராது. ரெண்டு பக்கமும் மெல்லிசா பூசணும், கால் மணி நேரம் முதல் இருபது நிமிஷம் வரைக்கும் விடணும், வெயில், குளிர், காத்தைப் பொறுத்து மாறும், விரல் முட்டியால தொட்டா பிசுபிசுன்னு இருக்கணும், விரலோட வரக்கூடாது. ஈரமா இருக்கறப்பவே ஒட்டிட்டா என்ன ஆகும்னா, மூடின அறை ஃபோம் ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிக்குது, உள்ள மாட்டின கரைப்பான் வெளிய போக வழியே இல்ல, நாள் கணக்குல கொழகொழன்னு கெடக்கும், சில ஃபோம் உப்பிக்கும், முதல் ஆட்டத்துலயே லேயர் வழுக்கிட்டுப் போயிரும். தேய்ச்ச ஃபோம் முதல் பூச்சைக் குடிச்சுரும், அது காஞ்சதும் ரெண்டாவது பூச்சு ஒன்னு வேணும். அதுக்காக மொத்தமா அப்பிராதீங்க, அடி விழற ஓரத்துல பசைக்கோடு தடிச்சு நின்னா அதுவே கெட்டியா ஒரு வரப்பு ஆயிரும். ஒட்டுறப்ப வேணுங்கறது அழுத்தம்தான், நேரம் இல்ல, ராத்திரி முழுக்க புஸ்தகத்தை அடுக்கி வைக்கறதை விட, ஒரு உருளையை வச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு பலமா ஒரு தடவ ஓட்டினா போதும். கோணலா வச்சுட்டா திருத்த முடியாது, அதனால நடுவுல பட்டர் பேப்பரை வச்சு, ஒரு முனையைச் சரி பாத்து ஒட்டிட்டு, பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமா உருவிட்டே அழுத்திட்டுப் போங்க.

மழை நாள்ல ஒட்டாதீங்க, இதைத் தனியா சொல்றேன், ஏன்னா அனுபவப்பட்டுதான் புரிஞ்சுது. கரைப்பான் வேகமா பறக்கறப்ப அந்த மேற்பரப்பு குளிர்ந்து போகும், காத்துல ஈரம் அதிகமா இருந்தா அது மேல பனி மாதிரி படியும், பசை லேசா வெளுத்துப் போகும். நாங்க ஒரு சாயங்காலம் அதைக் கவனிக்காம ஒட்டுனோம், ரெண்டு வாரத்துல முழு லேயரும் கையோட வந்துருச்சு. வெளுத்துப் போச்சுன்னா சூடான காத்தை ஊதுற ஹீட் கன்னை தூரமா காட்டி ஈரத்தை விரட்டிட்டு, மேல இன்னொரு பூச்சு பூசி, புதுசா காய விட்டு ஒட்டுங்க.

இதுக்கு ஒரு விலை இருக்கு, அதைச் சொல்லாம போனா நான் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன். இந்த டப்பாவுல இருக்க கரைப்பான் சாதாரணம் இல்ல, டொலுயீன், ஹெக்சேன், அசிட்டோன், பிராண்டுக்குத் தகுந்த மாதிரி கலவை மாறும். ஜப்பான்ல 1960கள்ல வீட்டுத் தொழிலா செருப்பு ஒட்டினவங்க நெறைய பேருக்கு கை கால் மரத்துப் போயி நடக்கவே முடியாம ஆச்சு, தோண்டிப் பாத்தா பசையில இருந்த நார்மல் ஹெக்சேன் நரம்பைத் தின்னிருக்கு, காத்தோட்டம் இல்லாத சின்ன ரூம்ல உக்காந்து நாள் முழுக்க அதைச் சுவாசிச்ச ஏழைத் தொழிலாளிங்க அவங்க. நாம எப்பவாவது ஒரு வாள் செய்றவங்கதான், ஆனா மழைன்னு ஜன்னலைச் சாத்திட்டு மூணு மணி நேரம் குனிஞ்சு வேலை செஞ்சா தலை சுத்தும், அது உடம்பு சொல்ற எச்சரிக்கை. தூசிக்குப் போடுற என்95 மாஸ்க் இந்த ஆவியை ஒரு துளி கூடத் தடுக்காது, ஆர்கானிக் வேப்பருக்குன்னே கரி கேட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் இருக்கு, அதுதான் வேணும், இல்லன்னா வெளிய முற்றத்துல வச்சுப் பூசுங்க. இன்னொன்னு, அமெரிக்க வீடுகள்ல கராஜ்லயோ பேஸ்மெண்ட்லயோ கேஸ்ல ஓடுற வாட்டர் ஹீட்டர் இருக்கும், பல வீட்டுல உள்ள சின்னதா ஒரு சுடர் எப்பவும் எரிஞ்சுட்டே இருக்கும். இந்த ஆவி காத்தை விடக் கனமானது, தரையோட தரையா தவழ்ந்து போகும், நீங்க நிக்கிற எடத்துல வாடையே இல்லைன்னாலும் அந்தச் சுடர்கிட்ட போயிச் சேந்துட்டா தீ திரும்ப உங்ககிட்ட ஓடி வரும். கராஜ்ல பசை வேலை செய்றவங்க தயவு செஞ்சு இதை மனசுல வைங்க, குழந்தைங்க கூட நின்னு வேடிக்கை பாக்குற வேலை இது.

அப்ப தண்ணி கலந்த கான்டாக்ட் சிமென்ட் போடலாமான்னு கேப்பீங்க. தீப்பிடிக்காது, வாடை கம்மி, சின்னப் பசங்க கூட உக்காந்து செய்றப்ப நான் அதைத்தான் எடுப்பேன். ஆனா தண்ணி மெதுவாத்தான் பறக்கும், மூடின அறை ஃபோம் அதை உறிஞ்சவும் உறிஞ்சாது, பால் மாதிரி இருக்கிறது தெளிஞ்சு கண்ணாடி மாதிரி தெரியுற வரைக்கும் காத்திருக்கணும், வழுவழுன்னு இருக்க பாலிஎத்திலீன் மேல அது பரவவே அடம் பிடிக்கும். ஈவிஏ மேட்டுல பரவாயில்லாம நிக்குது. பெரிய ரெட்டைக் கை வாளுக்கு, டாகொர்ஹிர்ல சிவப்பு ஆயுதம்னு சொல்ற, ரெண்டு பலமான அடியில கேடயத்தையே காலி பண்ற அந்த வகைக்கு, நான் இன்னும் கரைப்பான் பசையைத்தான் நம்புறேன்.

ஸ்ப்ரே பசை, 3எம் சூப்பர் 77, 90 மாதிரி, அதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. குத்துறதுக்கான முனையில திறந்த அறை ஃபோம் வைப்பாங்க, மெத்தை, சோபாவுல இருக்க ஸ்பான்ஜ் மாதிரி, அதுல பிரஷ்ஷால கான்டாக்ட் சிமென்ட் பூசினா ஸ்பான்ஜ் அதைக் குடிச்சு, காஞ்சதும் முறுக்கு மாதிரி மொறுமொறுன்னு ஆயிரும், மெத்துனு இருக்கணும்னு வச்ச பொருளே கட்டி ஆயிரும். முகத்துப் பக்கம் போக வாய்ப்பு இருக்க முனை அது, கண்குழிக்குள்ள போகாத அளவு அகலமா இருக்கணும்னு விதியே வச்சிருக்காங்க. அங்க ஸ்ப்ரேயை மெல்லிசா, வலை மாதிரி அடிச்சு ஒட்டுறதுதான் சரி. ஆனா பிளேடோட லேயர் மொத்தத்தையும் சோம்பேறித்தனத்துல ஸ்ப்ரேயால மட்டும் ஒட்டிட்டா சீசன் முடியறதுக்குள்ள ஓரம் வாய் பிளக்கும்.

ஹாட் க்ளூ பத்தி எங்க கதையிலயே சொல்லிட்டேன். அந்தக் குச்சி பெரும்பாலும் ஈவிஏ தான், மேட்டும் அதே குடும்பம், வித்தியாசம் என்னன்னா மேட்டுல காத்து இருக்கு, குச்சியில இல்ல, அதனால அமுக்கினா நசுங்காது, போதாக்குறைக்கு குளுர்ல அது கட்டை, வெயில்ல கஞ்சி. உடை அலங்காரத்துக்குச் செய்ற கவசத்துக்கு நல்லா உதவும், அடி வாங்குற எதுலயும் வேண்டாம். சூப்பர் க்ளூ சட்டுனு பிடிக்கும், காஞ்சா கண்ணாடி, வளைச்சா அந்தக் கோட்டுலயே ஃபோமைக் கிழிச்சிரும். காயறப்ப நுரைச்சு உப்புற பாலியூரித்தேன் பசை, எப்பாக்சி, ரெண்டும் அதே கதி, எப்பாக்சி கைப்பிடியோட அடியில இருக்க குமிழைக் கம்புல பூட்டறதுக்கு மட்டும், அதுவும் ஃபோமுக்குள்ள வழியாம. டக்ட் டேப் பசைக்குப் பதில் ஆகாது. பல அடுக்கு சுத்தினா ஃபோம் நசுங்கறதையே அது இறுக்கிப் பிடிச்சுக்கும், அடி கூடுதலா வலிக்கும்.

கம்புக்கும் ஃபோமுக்கும் நடுவுல இருக்க ஒட்டுதான் எனக்கு மொத்தத்துல பெரிய பயம். வாளை வீசறப்ப ஃபோம் கையை விட்டு வெளிப்பக்கமா இழுபடுது, குத்தறப்ப கம்பு முன்னாடி முட்டுது, இந்த ஒட்டு விட்டுட்டா ஒரு நாள் கம்போட முனை ஃபோமைத் துளைச்சுட்டு வெளிய வரும். ஃபைபர்கிளாஸ் கம்பி வழவழன்னு இருக்கும், உப்புத்தாளால சொரசொரப்பாக்கி, அந்தத் தூள் மூக்குலயும் தோல்லயும் படாம மாஸ்க், கையுறை போட்டுத் துடைச்சு, துணி டேப்பைச் சுத்தி அதுக்கு மேல கான்டாக்ட் சிமென்ட் ரெண்டு பூச்சு. கம்பு முனைக்கு ரப்பர் மூடி, அது மேல தோல் துண்டு ஒன்னு ஒட்டி, அதுக்கு மேலதான் ஃபோம். நாங்க இப்ப செய்ற எந்த வாள்லயும் இந்த எடத்துல அவசரப்படறதே இல்ல, ஒரு சாயங்காலம் முழுக்க இதுக்கே போகும்.

பிரிட்டன்ல இதே வேலைக்கு வேற பழக்கம் வளந்துச்சு, 1982ல செஷயர்ல பெக்ஃபர்ட்டன் கோட்டையில ட்ரெஷர் ட்ராப்னு ஆரம்பிச்ச காலத்துக்கு அப்புறம், துணி உறைக்குப் பதிலா ஃபோம் மேல நேரா லேடெக்ஸ் பூசி, பெயிண்ட் அடிச்சு, பாக்க நெஜ வாள் மாதிரியே செய்வாங்க. அங்க உள் ஒட்டு எவோஸ்டிக் வகை கான்டாக்ட் பசைதான், ஆனா ஒரு எச்சரிக்கை கூடுது: லேடெக்ஸ் இயற்கை ரப்பர், எண்ணெயும் பெட்ரோலியக் கரைப்பானும் அதுக்கு ஆகாது, அதனால பசையில இருக்க கரைப்பான் முழுசா வெளிய போற வரைக்கும் சில நாள் விட்டுட்டுத்தான் லேடெக்ஸ் பூசணும்.

கடைசியா சூடு. கான்டாக்ட் சிமென்ட்டுக்கு பலம் குடுக்கற அந்தக் குட்டிப் படிகங்க சுமார் 50 டிகிரி தாண்டுனா உருக ஆரம்பிக்கும். செருப்புக் கம்பெனிங்க இதைத் தெரிஞ்சேதான் காஞ்ச பசையை ஹீட்டர்ல காட்டி உயிர் குடுத்து ஒட்டுறாங்க. ஜூன் மாசம் வெயில்ல பூட்டி வச்ச காருக்குள்ள அந்தச் சூட்டை ரொம்ப சுலபமா தாண்டிரும், டிக்கியில வாளை வளைஞ்ச மேனிக்குத் திணிச்சு வச்சிருந்தா லேயர் மெதுவா நகர்ந்து, ஆறுனதும் அந்தக் கோணல்லயே உறைஞ்சிரும். நேரா படுக்க வச்சு, மேல பாரம் எதுவும் வைக்காம எடுத்துட்டுப் போங்க. ஓரம் லேசா வாய் பிளந்திருந்தா இதே குணம் நமக்குச் சாதகம்: பிளந்த எடத்துல தூசி போக துடைச்சு, மெல்லிசா ஒரு புதுப் பூச்சு ரெண்டு பக்கமும் பூசி, காய விட்டு, ஹீட் கன்னால கை பொறுக்கற சூடு காட்டி அழுத்துங்க, பழைய பசையும் புதுசும் ஒன்னாச் சேந்துக்கும். என் பையனோட ரெண்டாவது வாளுக்கு இப்படி மூணு தடவ வைத்தியம் பாத்தாச்சு, இன்னும் செக்கிங்ல தாண்டிட்டுத்தான் இருக்கு. பிளவு கம்பு வரைக்கும் போயிருந்தா மட்டும் ஒட்டிப் பாக்க வேண்டாம், ஃபோமை அறுத்து எடுத்துட்டு கம்பை மட்டும் வச்சுகிட்டு முதல்ல இருந்து கட்டுங்க.